கதைக்கு முடிவு வேண்டும்

“முன்பெல்லாம் நன்றாக இருந்தது, இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.” தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழகத்தில் மிக அதிகமாக வழங்கப்படும் தீர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் காலைப் பேருந்தில் ஏறி அமர்ந்தால் போதும். தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்லும் பெண்கள் முந்திய இரவின் கதையை அக்குவேறு ஆணிவேறாக அலசிக்கொண்டிருப்பார்கள். “அந்த ஆளு போனதோட கதையும் போச்சுக்கா” என்பாள் ஒருத்தி. “ஆளச் சொல்லாத மதினி, கதை எழுதுறவன் தூங்கிட்டான்” என்பாள் இன்னொருத்தி. “பெறகு எதுக்குத் தெனமும் ஒக்காந்து பாக்கீய?” என்று கேட்பாள் மூன்றாமவள். அந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாரும் விடை சொல்வதில்லை. நாம் விடை காண முயல்வது அந்தக் கேள்விக்கே.

படித்தவர்களுள் பலர் இத்தகைய பேச்சைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். “வெறும் சீரியல்தானே! அதற்கு ஒரு வாதமா, அதற்கு ஒரு வழக்கா?” என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்ட விரும்புகிறோம். 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த ‘கோலங்கள்’ தொடர் 1,500-க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. விளம்பரம் நீக்கிப் பகுதிக்கு 20 நிமிடம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 500 மணி நேரம் ஆகிறது. இரண்டரை மணி நேரத் திரைப்படங்கள் 200-ஐப் பார்ப்பதற்கு இது சமம். ஒரே ஒரு கதைக்கு ஒரு குடும்பம் ஆறு ஆண்டுகளின் மாலைப் பொழுதுகளை ஈந்திருக்கிறது. இத்தனை பொழுதை நம்பிக் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லையென்றால், வேறு யாருக்குத்தான் உண்டு?

கதையை எடைபோடும் பழக்கம் கரிசல் பூமிக்குப் புதியதும் அன்று. தோல்பாவைக் கூத்துக்காரர்கள் ஊர்ப் பொதுத்திடலில் கூடாரம் அடித்து, இராமாயணத்தைப் பத்து இரவுகளுக்குப் பகுத்து நடத்துவார்கள். நம் கத்தோலிக்க ஊர்களில் வாசாப்பு நாடகங்கள் விடிய விடிய நடந்ததை முதியோர் அறிவர். கதை எல்லாருக்கும் தெரிந்ததே, முடிவும் தெரிந்ததே. ஆயினும் பாட்டில் சுதி விலகினால், வசனத்தில் உயிர் இல்லையென்றால், மக்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஆடுகிறவனின் கண்முன்னே அந்தத் தீர்ப்பு நிகழும். பத்தாம் இரவு பட்டாபிஷேகம் நடந்தே தீரவேண்டும் என்பது கூத்துக்காரனுக்கும் ஊருக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம்தான் இன்று முறிந்துகிடக்கிறது என்பது எமது கட்சி.

அண்மைக்காலத்தில் மிகுதியாக வாதிக்கப்பட்ட தொடர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, ‘கோலங்கள்’ தந்த திருச்செல்வத்தின் இயக்கத்தில் உருவானது. படித்த பெண்களை மருமகள்களாக அழைத்துவந்து அடுப்படியில் அடைத்துவைக்கும் ஒரு வீடு. அந்த வீட்டை ஆட்டிப்படைக்கும் ஆதி குணசேகரன். அவ்வேடத்தில் ஜி. மாரிமுத்து தோன்றியபோது, தம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கண்ட ஆண் அதிகாரத்தையே மக்கள் திரையில் கண்டார்கள். அந்தப் பாத்திரத்தை வெறுத்துக்கொண்டே அந்த நடிகரை நேசித்தார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று, அத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நெஞ்சுவலி கண்டு அவர் மறைந்தார். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அவ்வேடத்தை ஏற்றார். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்னும் பெயரோடு மறுபடியும் வந்தது.

தொடர் தரம் தாழ்ந்ததற்குக் காரணம் ஆள் மாறியதே என்கிறது ஒரு கட்சி. இயக்குநருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்கிறது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்கு என்ற ஒரே முடிச்சு எத்தனை காலம் இழுபட்டது! அப்போது மாரிமுத்து இருந்தார், இயக்குநரும் அவரேதான். அன்றே “இழுக்கிறார்கள்” என்ற முணுமுணுப்பு எழவில்லையா? ஆகவே நோய் அந்த மரணத்தோடு வந்ததன்று. அதற்கு முன்பே உள்ளே இருந்தது.

ஆள் மாறினால் கதை கெடுமா என்பதைச் சோதித்துப் பார்க்க, 60 ஆண்டு கடந்த ஒரு தொடர் உலகில் இருக்கிறது. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடர்தான் அது. காலத்தையும் விண்வெளியையும் கடந்து பயணம் செய்யும் வேற்றுலகத்தவர் ஒருவர் அதன் நாயகர். நீலநிறக் காவல்துறைக் கூண்டு ஒன்று அவருடைய ஊர்தி. 1966-இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றினார். கதையை ஆக்கியோர் “இவருக்குப் பதில் இவர்” என்று அட்டை காட்டவில்லை. அந்த வேற்றுலகத்தவர் சாகும் தறுவாயில் புதிய உடலும் புதிய குணமும் பெறுவார் என்ற விதியைக் கதைக்குள்ளேயே வைத்து, பாட்ரிக் ட்ரௌட்டனை நாயகராக்கினார்கள். அதன்பின் எத்தனையோ நடிகர்கள் மாறிவிட்டனர். கதை சாகவில்லை.

ஆனால் ரசிகர்களின் சண்டையும் அங்கே ஓய்ந்ததில்லை. 1976-இல் ‘டெட்லி அசாசின்’ என்ற கதை வெளியானபோது, தொடரின் பழைய மாயமே தொலைந்துவிட்டது என்று ரசிகர் சங்கத் தலைவரே கடுமையாக எழுதினார். இன்று அதே கதை அத்தொடரின் சிறந்த கதைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1986 டிசம்பரில் பி.பி.சி.யின் விவாத நிகழ்ச்சி ஒன்றில் 16 வயது இளைஞர் ஒருவர் தோன்றி, அவ்வாண்டின் கதையைத் தொடரின் எழுத்தாளர்கள் கேட்கும்படியே குறைகூறினார். அவர் பெயர் கிறிஸ் சிப்னல். 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018-இல், அதே தொடரின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கே வந்தது. வந்த சில காலத்திலேயே, “முன்பு நன்றாக இருந்தது, இவர் கெடுத்துவிட்டார்” என்ற அதே குற்றச்சாட்டு அவர் தலையில் விழுந்தது!

இதைக் காட்டி, “ரசிகர்களின் புகார் எப்போதும் இப்படித்தான், பொருட்படுத்தாதீர்கள்” என்பார் உளர். அவர்கள் பாதியைத்தான் கற்றிருக்கிறார்கள். புகார் சில வேளை தவறும். சில வேளை சரியாகவும் இருக்கும். 1985-இல் அத்தொடர் 18 மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது, 1989-இல் நின்றேபோயிற்று, 2005-இல்தான் மீண்டும் முறையாக எழுந்தது. நாற்காலியில் அமர்பவரை மாற்றினால் தரம் தானே வந்துவிடாது என்பதுதான் நாம் கற்கவேண்டியது. அப்படியானால் அத்தனை ஏற்ற இறக்கங்களுக்குப் பிறகும் அக்கதை எழுந்து நிற்பது எதனால்? அங்கே ஒவ்வொரு கதையும் முடிகிறது. சில வாரங்களில் ஒரு கதை தொடங்கி, வளர்ந்து, தீர்கிறது. அடுத்தது புதிதாகப் பிறக்கிறது. நன்றாக வராத கதையும் தன் தவணை முடிந்ததும் விலகி, அடுத்த கதைக்கு வழிவிடுகிறது.

நம்மிடமும் இந்த முறை இருந்தது. 1990-களில் இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைக் கொண்டு வந்த ‘மர்மதேசம்’ வாரம் ஒருமுறை வந்தது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ என ஒவ்வொரு கதையும் தனக்குரிய முடிவை அடைந்தது. ‘விடாது கருப்பு’ ஊர்க்காவல் தெய்வத்தின் அச்சத்தில் தொடங்கி, மனித மனத்தின் பிளவை விளக்கி நிறைவுற்றது. கால் நூற்றாண்டு கடந்தும் மக்கள் அதைப் பேசுகிறார்கள் என்றால், அதன் முடிவை அவர்கள் கண்டார்கள் என்பதும் ஒரு காரணம். அறிவியல் புனைகதை விரும்பிகள் பிறரைவிடக் கடுமையாக வாதிடுவதும் இதனால்தான். சுஜாதாவின் ‘ஜீனோ’ என்ற இயந்திர நாய் பேசினால், அது பேசுவதற்குக் கதையில் ஒரு காரணம் இருக்கவேண்டும். அந்த விதியை மீறினால் வாசகன் சட்டையைப் பிடிப்பான். நம் குடும்பத் தொடர்களிலோ செத்தவர் திரும்புகிறார். நினைவு இழந்தவர் விளம்பர இடைவேளைக்குள் குணமாகிறார். கேட்பார் இல்லை.

முடிவில்லாக் கதையைப் பற்றி நம் பாட்டிமாருக்கு நன்றாகவே தெரியும். முடியாத கதை சொல்பவனுக்குப் பரிசு தருவதாக ஓர் அரசன் பறைசாற்றினான். ஒருவன் வந்தான். களஞ்சியம் நிறைய நெல். அதில் ஒரு சிறு துவாரம். ஒரு குருவி வந்தது, ஒரு நெல்லைக் கொண்டுபோனது. இன்னொரு குருவி வந்தது, இன்னொரு நெல்லைக் கொண்டுபோனது... நாள் கணக்கில் இப்படியே சொன்னான். கடைசியில் அரசனே கைகூப்பி, “போதும், நிறுத்து” என்றான். முடிவு வேண்டாம் என்பவனுக்குக் கதை கிடைப்பதில்லை, குருவிதான் கிடைக்கும் என்பதை இதனினும் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? இன்று நம் வீட்டுக் கூடத்தில் இரவுதோறும் அந்தக் குருவிகளே வந்துபோகின்றன.

இக்குருவிகளை அனுப்புவது யார்? இந்தியா முழுவதும் பல்லாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகள், எந்த அலைவரிசை ஓடுகிறது என்று கணக்கெடுக்கின்றன. வாரந்தோறும் அக்கணக்கு வெளியாகிறது. அதை வைத்தே விளம்பரத்தின் விலை பேசப்படுகிறது. இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீங்கள் மகிழ்ந்து பார்த்தீர்களா, திட்டிக்கொண்டே பார்த்தீர்களா என்று அக்கருவி கேட்பதில்லை. அன்பும் வெறுப்பும் அதற்கு ஒன்றுதான். பெட்டி ஓடுகிறது, ஆகவே கதையும் ஓடும். பெயர் பெற்ற ஒரு கதையை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்குவது வணிகர்க்கு அபாயம். இருப்பதை இழுப்பதே ஆதாயம். எனவே முடிவு எப்போது என்று தீர்மானிக்கும் உரிமை கதாசிரியன் கையை விட்டு விளம்பரக் கணக்கின் கைக்குப் போய்விட்டது. தரம் வீழ்ந்த இடம் இதுவே. நடிகரைத் திட்டுவோர் அம்பை நோகிறார்கள், எய்தவரைக் காணவில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் கூறப்படும். முதலாவது, நம் இதிகாசங்களும் நீளமானவைதாமே என்பது. ஆம், நீளம் குற்றமன்று. ஒரு லட்சம் சுலோகம் என்று பேர்பெற்ற பாரதத்தைத் தூர்தர்ஷன் 1988 முதல் 1990 வரை ஒளிபரப்பியபோது, அது 94 பகுதிகளில் நிறைவுற்றது. குருச்சேத்திரம் வந்தது, போர் ஓய்ந்தது. பாரதத்துக்கே 94 போதுமென்றால், ஒரு வீட்டுப் பங்காளிச் சண்டைக்கு ஏன் நூற்றுக்கணக்கில் வேண்டும்?

இரண்டாவது, தொடரை நம்பி எத்தனையோ தொழிலாளர் பிழைக்கிறார்கள் என்பது. உண்மை. ஆனால் ஒரு கதை முடிந்து மற்றொரு கதை தொடங்கினாலும் விளக்குப் பிடிப்பவருக்கும் ஒப்பனை செய்பவருக்கும் அதே வேலை இருக்கும். அவர்களின் பெயரைச் சொல்லிச் சலித்த கதைக்கு ஆயுள் கேட்பது முறையன்று.

மூன்றாவது, “பிடிக்காவிட்டால் பார்க்காதே” என்பது. ஓயாமல் சொல்லப்படுவது இதுவே. பிடிக்காமலா பார்த்தார்கள்? பிடித்ததனால்தான் இத்தனை ஆண்டு அமர்ந்தார்கள். அந்தப் பெண்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். தங்களைப்போல் அடுப்படியில் நின்ற ஒருத்தி தலைநிமிர்ந்து வாசற்படி தாண்டுவாளா என்று காண விழைகிறார்கள். அந்த ஏக்கத்தைப் பிணையாக வைத்துக்கொண்டு, நாளை, நாளை மறுநாள் என்று தவணை சொல்வதைத்தான் நாம் கண்டிக்கிறோம். அவள் ஒருமுறை தாண்டினாலும், அடுத்த வாரமே அவளை மறுபடி அடுப்படியில் கொண்டுவந்து நிறுத்தினால்தானே கதை ஓடும்? விடுதலையைப் பேசப் புறப்பட்ட கதை, தன் ஆயுளுக்காக அடிமைத்தனத்தை நீட்டிக்க நேர்கிறது. இதைக் கலைக்குறை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது; அதை நம்பிப் பார்த்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி இது.

ரசிகர்களுக்கும் ஒரு சொல் உண்டு. இறந்தவரின் வேடத்தை ஏற்றவரை ஏசுவது நேர்மையன்று. அவர் செய்தது உதவி. வில்லியாக நடிக்கும் பெண்ணைச் சாடுவதும் விமரிசனம் ஆகாது. “யார் கெடுத்தார்?” என்று கேட்பதை விடுத்து, “எப்போது முடிப்பீர்கள்?” என்று கேளுங்கள். புதுத் தொடர் தொடங்கும்போதே, இது எத்தனை பகுதி என்று அறிவிக்கச் சொல்லுங்கள். கதை நகராத வாரத்தில் பெட்டியை அணைத்துவிடுங்கள். அந்தக் கருவிக்குப் புரியும் மொழி அது ஒன்றே. பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்த நம் முன்னோரின் தீர்ப்பு அதுதான். அன்று அது கூத்துக்காரனின் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று கணக்கிலாவது தெரியட்டும்.

கரிசல் சம்சாரிக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கடைசிப் பறிப்பு முடிந்த பருத்தியை அவன் நிலத்தில் நிற்கவிடுவதில்லை. எவ்வளவு நன்றாகக் காய்த்த செடியானாலும் மாரைப் பிடுங்கி அடுக்கிவிட்டுக் கோடையுழவுக்குக் காட்டைத் திறந்துவிடுகிறான். நின்ற மாரில் இனிப் பஞ்சு வராது. அடுத்த வெள்ளாமையும் அதனால் கெடும். கதை விளையும் நிலமும் அப்படிப்பட்டதே. அதில் புதியது முளைக்கவேண்டுமானால் பழையது முடிந்தாக வேண்டும்.