பெறாதிருப்பது பாவமா?

திட்டக்குடிப் பக்கம் எந்த வளைகாப்புக்குப் போனாலும் பார்க்கலாம். கல்யாணமாகி ஐந்தாறு வருடமாகியும் பிள்ளையில்லாத பெண், வளையல் போடக் கூப்பிடமாட்டார்களோ என்று தூணோரம் ஒதுங்கி நிற்பாள். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி அங்கேயும் தேடி வரும். வேண்டாமென்று முடிவெடுத்தவள் என்று தெரிந்தால் 'சுயநலக்காரி' என்றும் பெயர் வைப்பார்கள். இது அநியாயம். பிறக்காத பிள்ளைக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது. பிறந்த பிள்ளைக்குத்தான் நாம் கடமைப்பட்டவர்கள். அறம் பற்றிக் கேட்பதானால், ஊர் வாய்க்குப் பயந்து பெற்றுக்கொள்வது சரியா என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள் என்கிறார்கள். பெற்றவர்களைப் பராமரிக்கச் சொல்லி 2007இல் சட்டமே போட வேண்டியிருந்த நாடு இது. அரசும் ஒரு காலத்தில் இரண்டு பிள்ளை போதும் என்றது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்து நடக்கும் தொகுதி மறுவரையறையைக் காட்டி, மணமக்கள் உடனே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அரசின் கணக்கு மாறும்போதெல்லாம் பெண்ணின் உடம்பும் அதற்கேற்ப மாற வேண்டுமா? கர்ப்பத்தடையை நாட்டின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே பெரியார் வேண்டினார். பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் தனிமனித சுதந்திரம் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. பிள்ளை வேண்டுமா என்பது ஆழமான அறக்கேள்விதான். ஆனால் அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் உரிமை, சுமக்கப் போகிறவளுக்கே முதலில் உண்டு.