ஊசி குத்தினால் வாசனை திரும்புமா?

சென்ற ஆண்டு ஒரு மாலை நான் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பியபோது, கதவைத் திறந்ததும் கருகிய வாடை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. கொவிட்-19 வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனை தெரிவதில்லை. பருப்பு போனால் பரவாயில்லை. எரிவாயு கசிந்தால்?

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, அக்குபங்சர் செய்துகொள்ளச் சொன்னார். அவருடைய தங்கைக்கு ஆறே முறையில் குணமாகிவிட்டதாம். “நீதான் சயின்ஸ் படிக்கிறியே, போகவா வேண்டாமா?” என்று அம்மா என்னிடம் கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தேன்.

மூக்கின் மேற்பகுதியில் உள்ள நரம்பணுக்களே வாசனையை மூளைக்குத் தெரிவிக்கின்றன. கொவிட் கிருமி பெரும்பாலும் அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களைத்தான் தாக்குகிறது என்று 2020இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இந்த நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக உருவாகக்கூடியவை. அதனால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை தானாகவே திரும்புகிறது. சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகின்றன.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. தானாகவே குணமாகக்கூடிய குறைபாட்டுக்கு எந்தச் சிகிச்சை செய்தாலும், அதன்பிறகு சிலர் குணமடையவே செய்வார்கள். ஆன்ட்டியின் தங்கை பொய் சொல்லவில்லை. ஆனால், ஊசி குத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது.

பாரம்பரிய சீன மருத்துவத்தில் மூக்கின் இரு பக்கமும் உள்ள ஒரு புள்ளிக்கு ‘யிங்சியாங்’ என்று பெயர். ‘நறுமணத்தை வரவேற்பது’ என்பது அதன் பொருள். அழகான பெயர். ஆனால், பெயர் சான்றாகிவிடாது. ஜெர்மனியில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமித்தொற்றால் வாசனை இழந்த 15 பேருக்கு அக்குபங்சரும் வேறு 15 பேருக்கு வைட்டமின் பி மாத்திரையும் தரப்பட்டன. முதல் குழுவில் 8 பேரும் இரண்டாவதில் 2 பேரும் முன்னேறினர். நம்பிக்கை தரும் எண்கள்தாம். எனினும், 30 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. மேலும், தமக்கு ஊசி குத்தப்பட்டதா, மாத்திரை தரப்பட்டதா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். தோலைத் துளைக்காத போலி ஊசியோடு ஒப்பிட்டு, இன்னும் பலரிடம் சோதித்தால்தான் எதிர்பார்ப்பின் பங்கையும் ஊசியின் பங்கையும் பிரித்தறிய முடியும்.

சிங்கப்பூரில் அக்குபங்சர் செய்வோர் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டின் பாரம்பரிய சீன மருத்துவர்கள் சட்டம். “அரசாங்கமே அனுமதித்திருக்கிறதே” என்று இதைக் காட்டிச் சிலர் வாதிடுகிறார்கள். பதிவு என்பது, ஊசி குத்துபவர் தகுதி பெற்றவர் என்பதற்கான உறுதி. எல்லா நோயும் ஊசியால் தீரும் என்பதற்கான உறுதி அன்று.

செலவு குறைந்த வேறொரு வழியும் உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் ஹும்மெலும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளை நாள்தோறும் இருமுறை, 12 வாரங்களுக்கு முகர்ந்து பயிற்சி செய்தனர். பயிற்சி செய்யாதவர்களைவிட அவர்களிடம் முன்னேற்றம் அதிகம். பின்னர் பல நாடுகளிலும் இது சோதிக்கப்பட்டு, இன்று மருத்துவர்களே பரிந்துரைக்கும் பயிற்சியாகிவிட்டது.

அம்மாவிடம் மூன்று விஷயங்கள் சொன்னேன். முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்போம். வேறு காரணமும் இருக்கலாம். பயிற்சியை இன்றே தொடங்குவோம். அக்குபங்சருக்குப் போவதானால் பதிவு பெற்றவரிடம் போங்கள். எத்தனை முறை, எவ்வளவு வெள்ளி என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, “கிராம்பு லேசா தெரியுதும்மா” என்றார். எனக்குக் கண் கலங்கியது. பயிற்சிதான் காரணம் என்று ஆன்ட்டியிடம் போய்ச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால், பயிற்சி செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய தங்கையைப் பற்றி நான் கேட்ட அதே கேள்வி, இப்போது எனக்கும் பொருந்தும்.