உழைப்பவன் வீட்டுப் பிள்ளையும் கணக்கெடுக்கட்டும்!

குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து, மேலே தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விவசாயியைக் கேளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கக்கூடாது என்று விதித்தது யார்? "டெல்லி" என்பார். ஐப்பசி மழை தஞ்சைத் தரணிக்குப் புதிதா? இல்லை. ஆனாலும் மழை வலுத்த ஆண்டுகளில் மாநில சர்க்கார் தளர்வு கேட்டு எழுதுவதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துப் போவதும், உத்தரவு வருவதற்குள் குவியல் முளைவிடுவதும் நாம் கண்ட காட்சிகள்தாம்.

இத்தகைய விதிகளை எழுதும் மேசைக்குப் போகிற பாதை எங்கே தொடங்குகிறது? படிக்கும் காலத்திலேயே தொடங்குகிறது. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஆராய்ச்சி நிலையத்திலோ அரசு அலுவலகத்திலோ இரண்டு மாதம் கூடவே இருந்து வேலை பழகுகிறார்கள். இதற்கு 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர். அங்கே பழகியவருக்கு அடுத்த கதவு எளிதில் திறக்கிறது. பழகாதவர் வாசலிலேயே நிற்கிறார்.

அந்த இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் பணம் யார் தருவது? பல இடங்களில் கொடுப்பது சொற்பம். சில இடங்களில் அதுவும் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பன் பணத்தில் சென்னையிலும் டெல்லியிலும் தங்கிப் பழகும். திருவாரூர் திரு.வி.க. கல்லூரியிலோ கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகள் என்ன செய்வாள்? விடுமுறை வந்தால் நடவுக்குப் போவாள்; இல்லையேல் துணிக்கடையில் நிற்பாள். நெல்லைப் பற்றி யாருக்குத் தெரியுமோ, அவருக்கே நெல்லைப் பற்றிய கொள்கையில் இடமில்லை! இது விதியல்ல, தோழர்களே, பணத்தின் ஏற்பாடு.

மாணவன் எடுக்கும் கணக்கு என்ன பெரிய கணக்கு என்று யாரும் இளக்காரமாக எண்ணவேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-ல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது என்று, கேள்வித்தாளைக் கையில் கொடுத்துத் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், குத்தகை என்ன, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது 1918-ல் நூலாயிற்று. அந்தக் கிராமங்களில் ஒன்று, அன்றைய தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சி. இன்று நாகை மாவட்டத்தில் இருக்கிறது. 1936-37-ல் மீண்டும் அங்கே கணக்கெடுத்தார்கள். 2019-ல் பெங்களூரின் வேளாண் ஆய்வு அறக்கட்டளை பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்து ஆராய்ந்தது. ஒரு நூற்றாண்டில் உழுதவனுக்கு என்ன மிஞ்சியது என்று இன்று ஆதாரத்தோடு பேச முடிகிறதென்றால், அதற்கு முதல் வரியை எழுதியது ஒரு மாணவனின் பேனா!

ஆனால் 1916-ல் சேரியிலிருந்து கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேள்வி கேட்டவன் ஒரு தெரு. பதில் சொன்னவன் வேறு தெரு. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பணம் கொடுப்பவர் கேள்வியையும் கொடுக்கிறார் என்பதற்கும் தஞ்சையே சாட்சி. 1960-ல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு, 'பாக்கேஜ் திட்டம்' என்று நம் ஊரில் பேர்பெற்ற அதற்கு, அமெரிக்காவின் போர்டு பவுண்டேஷன் பணமும் நிபுணர்களும் தந்தது. தேர்ந்தெடுத்த ஜில்லாக்களில் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன் எல்லாம் வந்தன. 1965-ல் ஆடுதுறை 27 நெல்லும் வந்தது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கேள்விக்கு அங்கே விடை தேடினார்கள், தேடியது நல்லதே. நிலம் யாருக்கு, அறுத்தவனுக்குக் கூலி எத்தனை என்ற கேள்வி மட்டும் அந்தப் பொட்டலத்துக்குள் இல்லை.

1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றிக் கிடந்த கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீயில் வெந்தன. அதன் பிறகே கணபதியா பிள்ளை விசாரணை. அதன் பிறகே 1969-ல் நியாயக் கூலிச் சட்டம். கூலிக் கணக்கை ஒழுங்காகப் பார்க்க 44 உயிர்களா விலை? இந்தக் கேள்வியை நாம் மறக்கமாட்டோம்.

இன்றைய நிலைமை என்ன? 2024-ல் மத்திய சர்க்கார் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையோடு அறிவித்த பயிற்சித் திட்டம், இளைஞர்களைப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புவது. கம்பெனிக்கு ஆள் பழக்கப் பணம் இருக்கிறது! வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வதை வரவேற்கிறோம். விதை நேர்த்தியும் உரமும் அவசியமே. ஆனால் அறுவடை மெஷின் வந்தபின் ஆளுக்கு எத்தனை நாள் வேலை மிஞ்சியது? வாய்ச்சொல் குத்தகைக்காரனுக்குப் பயிர்க் காப்பீடு கிடைத்ததா? கடைமடைக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது? இவற்றைக் கேட்டு எழுத மாணவர்கள் வேண்டும்.

ஆகவே கொடையாளர்களுக்கு நமது வேண்டுகோள் இது. கோயில் திருப்பணிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொடுக்கிற கைகள், கடல் கடந்து பொருளீட்டி ஊரை மறவாத கைகள், வேளாண் கொள்கை பயிலும் ஏழை மாணவருக்கும் கொடுக்கட்டும். நிபந்தனை மூன்றே. உதவித்தொகை இரண்டு மாதமும் மாணவர் பசியில்லாமல் வேலை பழகப் போதுமானதாக இருக்கவேண்டும். கொடுத்தவர், விடை இன்னதுதான் வரவேண்டும் என்று சொல்லக்கூடாது. எழுதிய கணக்கை, பதில் சொன்ன ஊரிலேயே தமிழில் படித்துக் காட்டவேண்டும்.

"இது சர்க்காரின் கடமையல்லவா?" என்று தோழர்கள் கேட்கலாம். கடமைதான், அதைக் கேட்டுப் போராடுவோம். ஆனால் போராட்டத்துக்கும் கணக்கு வேண்டும். கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்காரும்போது எதிர்த் தரப்பு புள்ளிவிவரத்தை எடுத்து வைக்கிறது. நம்மிடம் நியாயம் இருக்கிறது; நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? இந்தக் குறையை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனவே முதல் கொடை நம்முடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு வட்டத்துச் சங்கமும் அறுவடைக்கு ஓர் அரைநாள் கூலியை உறுப்பினரிடம் திரட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரையாவது தாங்கட்டும். நாற்று முடியைத் தூக்கிய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வரப்பில் இறங்கட்டும். நாளை டெல்லியில் ஈரப்பதத்தைப் பற்றி விதி எழுதும் மேசையில், மழையில் நனைந்த நெல்லைக் கையால் அள்ளிப் பார்த்த ஒருவராவது உட்காரட்டும்!