காலை அளக்காமல் ஸ்கேட்ஸ் விற்காதீர்கள்

“ஒரு சைஸ் கூட்டியே குடுங்கண்ணே, வளர்ற பிள்ளைதானே!” மட்டாஞ்சேரியில் செருப்புக் கடை வைத்திருக்கும் எனக்கு, பள்ளி திறக்கும் ஜூன் மாதம் முழுக்கக் காதில் விழும் பேச்சு இது. எங்கள் தெருவில் தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழி புழங்கும். எந்த மொழிக்காரர் வந்தாலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறாது. பள்ளி ஷூவுக்கு அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். நுனியில் கொஞ்சம் பஞ்சை அடைத்து ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம். அதே கணக்கை ஸ்கேட்ஸுக்கும் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு மழைக்காலச் சாயங்காலம் ஒரு தாய் தன் மகளையும் ஒரு ஜோடி இன்லைன் ஸ்கேட்ஸையும் கொண்டுவந்தார். பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும். ஸ்கேட்ஸ் உள்பக்கமாகச் சாய்கிறது, சக்கரத்தை நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டார். சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. பெண்ணை உட்கார வைத்துக் காலைப் பார்த்தேன். உள் கணுக்கால் எலும்பின் மேல் தோல் சிவந்து வழன்றிருந்தது. குதிகாலின் பின்பக்கம் காய்ப்பு. ஐந்து விரல்களும் எதையோ பிடித்துக்கொள்வதுபோல் மடங்கியிருந்தன. ஸ்கேட்ஸை மாட்டி, வாரை இறுக்கக் கட்டிவிட்டுக் குதிகாலுக்குப் பின்னால் என் கட்டைவிரலை விட்டேன். தாராளமாக உள்ளே போனது. வாங்கிய இடத்தில் காலை அளந்தார்களா என்று கேட்டேன். வயதை மட்டும் கேட்டார்களாம்.

பூட்டுக்குள் குதிகால் நிலைகொள்ளாவிட்டால் பிள்ளை கால் விரல்களால் அடிப்பகுதியைக் கவ்விப் பிடிக்கப் பார்க்கும். பாதம் இறுகி வலிக்கும். பூட் ஒரு பக்கம் போக, கணுக்கால் வேறு பக்கம் சாயும். ஆடுவதை நிறுத்துவதற்காக வாரை மேலும் மேலும் இறுக்குவார்கள். அது கணுக்காலின் முன்பக்கத் தசைநாரில் அறுக்கும். ஒரு மாதம் இப்படி அனுபவித்த பிள்ளை “எனக்கு ஸ்கேட்டிங் வராதும்மா” என்று சொல்லிவிடும். வீட்டிலும் நம்பிவிடுவார்கள். வராமல் போனது ஸ்கேட்டிங் அல்ல; அளவுதான் தப்பு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபரில், 3000 மீட்டர் ஸ்பீட் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கின. அந்த அணிகளில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார்கள். 2025இல் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். இந்தியருக்கு அந்தப் போட்டியில் அதுதான் முதல் தங்கம். நம் பிள்ளைகள் ஸ்கேட்ஸ் கேட்கிறார்கள் என்றால் கேட்கட்டும், சந்தோஷம். ஆனால் அவர்கள் காலில் எதை மாட்டுகிறோம் என்பதில் இவ்வளவு அலட்சியம் கூடாது.

நம் கால் வேறு, அந்த பூட் செய்யப்பட்ட அச்சு வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துவிட்டுக் கொச்சிக்கு வந்தவர். ஏற்றுமதிக்குத் தைக்கும் ஷூ எதுவும் நம் ஆட்கள் காலில் சரியாக உட்காராது, லாஸ்ட், அதாவது அச்சு, ஒடுக்கம் என்பார். அவர் கண்ணால் கண்டதைச் சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பின்னாளில் அளந்தே காட்டியது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தார்கள். இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்று தெரியவந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு எண்களுக்குப் பதிலாக ‘பா’ என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவு முறையையும் பரிந்துரைத்தார்கள். பெண் பிள்ளைகளின் பாத வளர்ச்சி 11 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளின் பாத வளர்ச்சி 15, 16 வயதிலும் உச்சத்தை எட்டுகிறது என்பதும் அந்த ஆய்வில் வந்ததுதான்.

இதை ஸ்கேட்ஸுக்குப் பொருத்திப் பாருங்கள். அகலமான பாதம் ஒடுக்கமான பூட்டுக்குள் போகாது. உடனே அடுத்த சைஸை எடுக்கிறோம். அகலம் கிடைக்கிறது, கூடவே வேண்டாத நீளமும் வந்துவிடுகிறது. குதிகால் ஆட ஆரம்பிப்பது அங்கேதான். நமக்கு வேண்டியது அகலம், கூட்டுவதோ நீளம். செருப்பு போட்டே வளர்ந்து, விரல்கள் நன்றாக விரிந்த கால்களுக்கு இது இரட்டைத் தொல்லை.

ஐஸ் ஹாக்கி விளையாடுகிறவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். கனடாவின் மிசிசாகாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் மகனுக்கு ஹாக்கி ஸ்கேட்ஸ் வாங்கக் கடைக்குக் கூடப் போனேன். தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன், பொறாமையாக இருந்தது. கடைக்காரப் பையன் முதலில் பெட்டியை எடுக்கவில்லை. என் மருமகனை இரண்டு காலும் ஊன்றி நிற்கவைத்து அளந்தான். நீளம், முன்பாதத்தின் அகலம், புறங்காலின் உயரம் மூன்றையும் பார்த்தான். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது என்பதால் பெரிய காலைக் கணக்கில் எடுத்தான். அவர்கள் கணக்கில் ஹாக்கி ஸ்கேட்ஸ் சைஸ் சாதாரண ஷூ சைஸைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவு. ஒன்பது போடுகிறவருக்கு ஏழரை அல்லது எட்டு. கூட்டுவதில்லை, குறைக்கிறார்கள்!

வாரை இறுக்கி நேராக நின்றால் விரல் நுனி முன்மூடியை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கிக் குனிந்தால் குதிகால் பின்னே போய்ப் பொருந்தி, விரல் அந்தத் தொடுதலிலிருந்து விலக வேண்டும். குதிகால் துளிகூட எழும்பக் கூடாது. காலுறை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆழத்தைப் பார்க்க அந்தப் பையன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாரைத் தளர்த்தி, பூட்டின் நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தான். பென்சில் புறங்காலில் தட்டாமல் இரண்டு ஓரத்திலும் படுத்தது. தட்டியிருந்தால் பூட்டின் ஆழம் போதாது, வேறு மாடல் பார்க்க வேண்டும் என்றான்.

அதன் பிறகுதான் சூடு. இன்றைய நல்ல ஹாக்கி ஸ்கேட்ஸின் வெளி ஓடும் உள் பஞ்சும் சூட்டில் இளகி, ஆறும்போது காலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்களால் ஆனவை. பவர், சிசிஎம், ட்ரூ போன்ற கம்பெனிகளின் பூட்டுகளை அதற்கென்றே உள்ள ஓவனில் வைக்கிறார்கள். பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, சில நிமிடங்கள். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கம்பெனி தரும் குறிப்பைப் பார்த்தே வைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் காலை நுழைத்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, வாரைக் கட்டுகிறார்கள். வாரைப் பக்கவாட்டில் இழுக்காமல் முன்னோக்கி இழுக்க வேண்டும். இளகியிருக்கும்போது பக்கவாட்டில் இழுத்தால் துளை வளையம் பிய்ந்துவரும். கட்டிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது. அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க ஸ்கேட்ஸைத் தொடாமல் ஆறவிட வேண்டும். என் மருமகன் எழுந்து ஓடத் துடித்தான். கடைக்காரப் பையன் அவன் தோளில் கைவைத்து உட்காரவைத்துவிட்டான்.

சூடு ஒரு வித்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அது நீளத்தைக் கூட்டாது. தப்பான சைஸைச் சரியான சைஸாக்காது. சரியான நீளத்தில் கொஞ்சம் ஒடுக்கமாக இருக்கும் பூட்டை அகலமான காலுக்கு இணங்கவைக்கும். அது ஒன்றே நம் கால்களுக்குப் பெரிய உதவி. கணுக்கால் எலும்பு, சுண்டுவிரல் மூட்டு என்று ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி அழுத்துக்கருவியால் வெளித்தள்ளலாம். நல்ல செருப்புத் தொழிலாளிக்கு இது கைவந்த வேலைதான். ரோலர் ஸ்கேட்டிங்கிலும் இந்த வசதி உண்டு. ஆஸ்திரேலியாவின் பான்ட் கம்பெனியின் ஸ்பீட் பூட்டுகளைச் சூடாக்கி வடிவம் கொடுக்கலாம்.

இங்கே என்ன நடக்கிறது? நன்றாக விலை கொடுத்து அப்படிப்பட்ட பூட்டை வாங்கிய வீடுகளிலும் அதைச் சூடாக்கத் தெரிந்தவர் இல்லை. முடி உலர்த்தியால் ஊதுகிறார்கள். கொதிநீரில் முக்குகிறார்கள். கேஸ் அடுப்பில் வாட்டிக் கொண்டுவந்த ஒரு ஜோடியை நானே பார்த்தேன், பசை உருகி அடி பிளந்திருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வேளியில் உள்ள சலவைக்கூடத்தில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி தேய்க்கின்றன. பருத்திக்கு எவ்வளவு சூடு, பட்டுக்கு எவ்வளவு என்று அவர்கள் கை அறியும். பூட்டுக்கும் அந்த அறிவு வேண்டும். கொச்சியின் ஈரக் காற்றில் பசை ஏற்கெனவே பலவீனப்படும். அதன்மேல் கண்டபடி சூடேற்றினால் மிச்சம் எதுவும் இருக்காது. முறையாகச் செய்தாலும் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது.

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கெதற்கு என்று சிலர் கேட்பார்கள். கொச்சி லுலு மால் 2013இல் திறந்தபோது உள்ளே ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் இருந்தது. மாலில் விளையாடுவதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். லடாக்கைப் பாருங்கள். ராணுவ பூட்டில் இரும்புப் பிளேடைப் பொருத்தி உறைந்த குளத்தில் விளையாடி வளர்ந்த ஊர் அது. அங்கிருந்து வந்த பெண்களைக் கொண்ட இந்திய ஐஸ் ஹாக்கி அணி 2016இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி ஆடியது, 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வீழ்த்தி முதல் வெற்றி கண்டது, 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் ஆசியக் கோப்பை வெண்கலம் வாங்கியது. காலுக்குப் பொருந்தாததைப் போட்டுக்கொண்டே அவர்களால் தொடங்க முடிந்தது என்பதற்காக நம் பிள்ளைகளும் அப்படியே பாடுபட வேண்டும் என்பது நியாயமா? பொருந்துகிற பூட் கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை பெண்கள் நிலைத்திருப்பார்கள் என்று யோசிக்கிறவன் நான்.

பணம் பெரிய தடைதான், மறுக்கவில்லை. வளரும் காலுக்கு வருஷா வருஷம் புது ஸ்கேட்ஸ் வாங்க எங்கள் தெருவில் யாராலும் முடியாது. அதற்கு வழி சைஸைக் கூட்டுவது இல்லை. கற்றுக்கொள்ளும் வயதில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கேட்ஸ் போதும். அதன் பின் ஒவ்வொரு ஸ்கேட்டிங் வகுப்பும் பழைய ஸ்கேட்ஸை வாங்கி, துடைத்து, பேரிங் மாற்றி, சின்னப் பிள்ளைகளுக்குக் கைமாற்றும் ஏற்பாட்டைச் செய்யலாம். எர்ணாகுளத்திலும் சென்னையிலும் கோவையிலும் மாநில ரோலர் ஸ்கேட்டிங் சங்கங்கள் ஓர் ஓவனையும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் வைத்திருந்தால் போட்டிக்குப் போகும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆகும். ஒரு ஊருக்கு ஒன்று போதுமே!

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலதிபர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பவர் கம்பெனியைத் தொடங்கிய குடும்பம், 1927இல் கனடாவின் கிச்சனரில் ஷூ தொழிற்சாலை நடத்திய குடும்பம்தான். ஷூ கடைகளில் நாம் கால் வைத்து அளக்கும் அந்த உலோகத் தகட்டுக் கருவியை உருவாக்கிய சார்லஸ் பிரானக்கும் அமெரிக்காவின் சிராக்யூஸில் ஒரு ஷூ கடைக்காரரின் மகன். ஸ்கேட்ஸ் என்பது செருப்புத் தொழிலின் பிள்ளை. நம்மிடம் தைக்கும் கை இருக்கிறது. ஒரு லட்சம் இந்தியக் கால்களின் அளவு அடையாற்றில் இருக்கிறது. அந்த அளவில் லாஸ்ட் செதுக்கி இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்கேட் பூட் செய்ய நம்மால் முடியும்.

அதுவரை பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கேட்ஸ் வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப்போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், விளையாடும்போது போடுகிற அதே காலுறையோடு போங்கள். கடைக்காரர் காலை அளக்காமல் பெட்டியை எடுத்தால், எழுந்து வேறு கடைக்குப் போங்கள்.