பெயர் போனது, வெக்கை போகவில்லை

அக்னி நட்சத்திரம் மே 4-ல் தொடங்கி 28-ல் முடியும் என்கிறது பஞ்சாங்கம். நம் வேலூர் மாவட்டத்துக் காலனி வீடுகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாசிக் கடைசியில் சுடத் தொடங்கும் தளம், ஆடிக் காற்று வரும்வரை ஆறுவதில்லை.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஏதாவது ஒரு தொகுப்பு வீட்டில் ஒரு கோடைப் பகலைக் கழித்துப் பாருங்கள். விடியுமுன் தெருக்குழாயில் குடம் வரிசை. வெயில் ஏறுவதற்குள் சமைத்து முடிக்க வேண்டும். இருப்பதே ஒரு அறை. அடுப்பு எரிந்தால் பிறகு யாரும் அங்கே உட்கார முடியாது. அதன்பின் பெண்கள் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொள்வார்கள். மேலே ஃபேன் இருக்கும், ஆனால் ஓடாது. காற்றடித்தால் ஈரப்பதத்தில் வைத்த இலை காய்ந்து கிழியும், தூள் பறக்கும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. எனவே ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் சுற்றுகிறார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் அதே அறையில்தான் இருக்கிறார்கள்.

பொழுது சாய்ந்தால் வெளியே குளிரும், உள்ளே குளிராது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இருட்டிய பிறகுதான் அதை வீட்டுக்குள் இறக்கும். ஆண்கள் தெருவில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். வயதுவந்த பெண்ணும், பிள்ளை பெற்றவளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் கிடக்க வேண்டும். தூக்கமில்லாத அந்த உடம்போடுதான் மறுநாள் விடியலில் குடத்தைத் தூக்குகிறார்கள்.

இந்த வெக்கை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தொலைக்காட்சியில் சொல்கிற 40 டிகிரி, திறந்த வெளியில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானியின் அளவு. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்கிறது வானிலைத் துறை. தளத்துக்குக் கீழே, ஃபேன் நிறுத்திய அறையில் இரவு 10 மணிக்கு எத்தனை டிகிரி என்று யாரும் அளப்பதில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். தண்ணீர்ப் பந்தலுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கும் பேரிடர் நிதியைச் செலவிடலாம். வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் தண்ணீர்ப் பந்தல் சாலையில் போகிறவருக்கானது. நிவாரணம் கிடைக்க, வெப்பத்தால்தான் மரணம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். சாலையோரம் சுருண்டு விழுந்தவருக்கே அது எளிதில் கிடைக்காது. வீட்டுக்குள் பாயில் படுத்தபடி ஒரு மூதாட்டி போய்விட்டால், வயதாகிவிட்டது என்பதோடு முடிந்துவிடும்.

வெயில் எல்லோருக்கும் பொதுதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். வெயில் பொதுதான், நிழல் பொதுவல்ல. ஊர்த்தெருவில் திண்ணை இருக்கிறது, முற்றம் இருக்கிறது, கோயிலைச் சுற்றி அரசும் வேம்பும் இருக்கின்றன. அந்த மர நிழலில் நம் மக்கள் உரிமையோடு உட்கார முடியாத ஊர்கள் இன்னும் உண்டு. காலனிக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே அளந்து கொடுத்த மனை. நம் மக்களின் குடியிருப்புக்கு நிலம் எடுக்கவென்றே 1978-ல் தனிச் சட்டம் வந்தது. அதனால் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சொந்த மனை கிடைத்தது உண்மை. ஆனால் 2 சென்ட், 3 சென்ட்டில் சுவரோடு சுவராக வீடு வந்தால் மரம் எங்கே வைப்பது, காற்று எந்த வழியாக வருவது?

பழைய ஓலைக் குடிசையே குளுமை என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். ஓலைக் கூரை என்ன விலை கேட்கும் என்பதை 1968-ல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன 44 உயிர்கள் சொல்லிவிட்டன. தீப்பிடிக்காத கூரை நம் மக்கள் கேட்டுப் பெற்ற உரிமை. 1974-ல் தொடங்கிய தாட்கோ, ஆரம்பத்தில் ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம்தான். குறை கான்கிரீட்டில் இல்லை. தளம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததில் இருக்கிறது. வசதியுள்ளவர் வீடு கட்டினால் தளத்தின்மேல் தட்டோடு பதிப்பார், எதிரெதிரே ஜன்னல் வைப்பார். பல தொகுப்பு வீடுகளில் இரண்டும் இல்லை. மழையில் ஒழுகி, கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்த தளம் வெயிலை அப்படியே இறக்குகிறது.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். இழிவைச் சுமந்த ஒரு சொல் போகட்டும், மகிழ்ச்சி. ஆனால் பெயர்ப் பலகை மாறிய தெருவில் கூரை மாறாவிட்டால் மாற்றம் பாதிதான்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தாலே அறையின் சூடு குறையும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அந்த வீடுகளில் வெள்ளைக் கூரையும் எதிரெதிர் ஜன்னலும் கட்டாயம் ஆக வேண்டும். பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தில் ஒழுகலை அடைப்பதோடு நிறுத்தாமல் வெப்பத் தடுப்பும் சேர வேண்டும். தெருவோரப் புறம்போக்கில் வேம்பும் புங்கனும் நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஊராட்சி ஏற்க வேண்டும். பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்ற, காற்றோட்டமுள்ள பொதுக்கூடம் ஒன்று ஒவ்வொரு குடியிருப்பிலும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, மாவட்ட நிர்வாகம் ஒன்று செய்யலாம். ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, இந்தக் கோடை முடிவதற்குள் இரவு 10 மணிக்கு உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கட்டும். அளக்காத வெக்கைக்கு நிதி ஒதுக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பட்டா கேட்டும் பாதை கேட்டும் மனு எடுத்துப் போகிறோம். இனி கூரையையும் சேர்த்து எழுதுவோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதையே தீர்மானமாக வைப்போம். நமக்கு வீடு என்பது தலைக்கு மேல் ஒரு தளம் மட்டுமல்ல. அதன் கீழே ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும்.