ஞாயிற்றுக்கிழமை வடக்கே திரும்பட்டும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தெற்கேதான். மெரினா, பெசன்ட் நகர், அதைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. வெயில் தாங்கவில்லை என்றால் ஏதாவது ஒரு மால். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால், கல்யாணமாகி நங்கநல்லூர் வந்த இந்த 22 வருடங்களில் அம்மாவைப் பார்க்க மட்டுமே வடக்கே போவேன். பார்த்த கையோடு திரும்பிவிடுவேன். போன வருடம், ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகன் ஒருநாள் சொன்னான்: “பாட்டி வீடு எங்கன்னு கேட்டா நான் சொல்றதே இல்லம்மா. ரவுடி ஏரியாவான்னு கேக்குறாங்க.”

அவனைக் கோபித்துப் பயனில்லை. சினிமாவில் பார்த்ததைத்தான் அவன் நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அந்த ஊரை அவனுக்கு நான் காட்டவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு வடசென்னைக்கு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவனும் நானும் அம்மாவும்.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ தடம் நீண்ட பிறகு இது எளிதாகிவிட்டது. நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் விடியற்காலை ஏறினால், வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். அம்மா ஒயர் கூடையோடு வாசலில் காத்திருப்பார். நேரே காசிமேடு. நாங்கள் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்து சில்லறை விற்பனை சூடுபிடித்திருக்கும். சங்கரா, வஞ்சிரம், கடம்பா, நண்டு எனப் பெயர் சொல்லிக் கூவுகிற குரல்கள். காலுக்கடியில் ஐஸ் தண்ணீர். முதல்நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவனை ஒரு மீன்கார அம்மா கூப்பிட்டார். “இங்க வா நைனா, செவுளத் தூக்கிப் பாரு. ரத்தச் செவப்பா இருந்தா நம்பி வாங்கு. கண்ணு குழிஞ்சிருந்தா வாங்காத.” இப்போது எங்கள் வீட்டில் மீன் பார்த்து வாங்குவது அவன்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதையும், ஆட்கள் உட்கார்ந்து வலையைச் சரிசெய்வதையும் பார்த்தான். மீன் ஏன் அந்த மாதங்களில் விலை ஏறுகிறது என்று அதற்குப் பிறகு அவன் என்னிடம் கேட்கவில்லை.

மீனை வீட்டில் வைத்துவிட்டு ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரலும் எழும்பூரும் வருவதற்கு முன்பே நின்ற தூண்கள் இன்னும் நிற்கின்றன. அடுத்து, கொட்டும் மழையில் 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. என் மகனுக்கு இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விகள். கேள்வி நடந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தபோது அவன் நடை மெதுவானது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜ் டவுன். வார நாட்களில் மண்ணடியிலோ ஆண்டர்சன் தெருவிலோ தலையைத் தூக்கி நடக்க முடியாது. தள்ளுவண்டி, மூட்டை தூக்குபவர், மினி லாரி என்று எல்லாவற்றுக்கும் ஒதுங்கிக்கொண்டே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட, அதுவரை சரக்குக்குப் பின்னால் மறைந்திருந்த தெரு வெளியே வருகிறது. பெயர்ப் பலகைகளுக்கு மேலே மரத்தில் இழைத்த மாடிக் கைப்பிடிகள் தெரிகின்றன. அரண்மனைக்காரன் தெருவில், 1772-ல் கட்டப்பட்ட ஆர்மீனியர் தேவாலயம். கோயிலை விட்டுத் தனியாக நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள் உண்டு. வழிபட ஆர்மீனியர்கள் இங்கே இல்லாமல் போனபின்னும் ஞாயிறு காலைகளில் அந்த மணிகள் ஒலிக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-ல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்த வளாகத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் சற்று நேரம் போனால் கந்தகோட்டம். ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த வள்ளலார் சிறு வயதில் வந்து பாடிய முருகன். அம்மா அங்கே கண்மூடி உட்கார்ந்தால் எழ மனம் வராது.

ஒரு ஞாயிறு அந்த நடையில் அம்மாவுக்கு அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டது. அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை வியாதி. ஒரு பொதுக் கழிப்பறை பூட்டியிருந்தது. இன்னொன்றில் தண்ணீர் இல்லை. கடைகள் மூடியிருந்ததால் கேட்கவும் ஆளில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “உள்ள வாங்கம்மா” என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். அவர் நல்ல மனம் இல்லையென்றால் அம்மா அதோடு இந்தப் பயணத்தை நிறுத்தியிருப்பார். ஒரு முதியவள் நகரத்தில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அவள் முழங்கால் மட்டும் தீர்மானிப்பதில்லை.

உட்காரும் இடமும் அப்படித்தான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் பக்கம் போகிற சாலையில் கடல் கூடவே வருகிறது. ஆனால் நடுவில் பாறாங்கற்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது காசிமேட்டு மணலில் கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறார். அந்த மணல் போனதற்குக் காரணம் உண்டு. நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழும்பத் தொடங்கியதும் மணல் அங்கே தடைபட்டது. தேங்கிய மணல் தென்புறம் சேர்ந்து மெரினாவை அகலமாக்கியது. வர வேண்டிய மணல் வராமல் வடபுறக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போனது. மிச்சத்தைக் காக்கத்தான் அந்தக் கற்களைக் கொட்டினார்கள்.

நாம் குழந்தைகளை ஓடவிடும் அந்த அகன்ற மணலில் வடசென்னையின் கரையும் கலந்திருக்கிறது. அனல்மின் நிலையங்களையும் குப்பைக் கிடங்கையும் ஆலைகளையும் சுமக்கிற பகுதியிடமிருந்து கடற்கரையையும் வாங்கிக்கொண்டோம். அதைத் திருப்பிக் கொடுக்க இயலாது. பதிலுக்கு ஏதாவது செய்ய இயலும். 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் எத்தனையோ பணிகள் நடக்கின்றன. அவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. விடுமுறை நாளிலும் திறந்திருக்கும், தண்ணீர் வரும் கழிப்பறைகள். அரை கிலோமீட்டருக்கு ஒரு நிழலும் இருக்கையும். ஜார்ஜ் டவுனின் இரண்டு மூன்று தெருக்களாவது ஞாயிறு காலை நடப்பவருக்கு மட்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது.

மக்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வறுமையைப் படமெடுக்கப் போகாதீர்கள். விருந்தாளியாகப் போங்கள், அங்கே சாப்பிடுங்கள், அங்கே வாங்குங்கள். எங்கள் ஞாயிறு பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில் முடியும். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த ருசி அது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். என் மகன் இரண்டாவது தட்டு கேட்பான். அம்மா சூப்பை மட்டும் ஊதி ஊதிக் குடிப்பார்.

குடித்துவிட்டுக் கிழக்கே பார்ப்பார். கடல் அந்தப் பக்கம்தான், துறைமுக மதிலுக்குப் பின்னால். “காத்து மட்டும் வருது பாரு” என்பார். அம்மா பிறந்த ஊரில், கடலைப் பார்த்து உட்கார அவருக்கு ஒரு பெஞ்சு வேண்டும். அதற்காக அவர் மெரினா வரை போக நேரக் கூடாது.