அளந்து எழுதுவது அவநம்பிக்கை அன்று

நாமக்கல் மலைக்கோயிலில் வீற்றிருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர் திருமேனி 18 அடி உயரம். அவருக்கு மேலே விமானமும் இல்லை, கூரையும் இல்லை. வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றே. இல்லறத்தாருக்கு அவ்வாறன்று. ஒழுகும் மாடியைச் செப்பனிட வேண்டும். மகன் திருமணத்துக்கு முன் ஓர் அறை கூட்ட வேண்டும்.

அவ்வேளையில் பலரைத் தடுப்பது ஒரு கூச்சம். "கோயிலில் பார்த்துப் பழகியவர், அவரிடம் எழுதிக் கேட்பதா?" என்றெண்ணி, வாய்ச்சொல்லை நம்பிப் பெருந்தொகையை முன்பணமாகத் தந்துவிடுகின்றனர். வேலை பாதியில் நின்றால் சேமிப்பு மட்டுமன்று, பல்லாண்டு நட்பும் முறிகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இக்கூச்சத்தைப் போக்கும். இராசராசன் இறைவனுக்கு அளித்த பொன், 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டது. கொடுத்தவர் மன்னர்; பெற்றவர் இறைவன். அங்கும் அளவும் எழுத்தும் இருந்தன. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அக்கோயிலில் இடம்பெற்றுள்ளது.

ஒப்பந்தக்காரரைத் தெரிவு செய்யுமுன், அவர் முடித்து இரண்டு மழைக்காலம் கண்ட வீடுகளைப் பார்த்து வருவது நலம். நீர் கசிந்ததா, அழைத்தபோது திரும்ப வந்து சரிசெய்தாரா என அவ்வீட்டாரைக் கேட்கலாம். ஒரே வேலைப் பட்டியலை மூவரிடம் கொடுத்து மதிப்பீடு பெற வேண்டும். மிகக் குறைந்த தொகையில் எது விடுபட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். பழைய சுவரை இடிப்பது, இடிபாட்டை அகற்றுவது, மின்கம்பி மாற்றுவது ஆகியவையே பெரும்பாலும் விடுபடும். எந்தச் சுவரையும் அகற்றுமுன், அது மேற்தளத்தின் பாரத்தைத் தாங்குகிறதா என்று பொறியாளர் ஒருவர் சொல்ல வேண்டும்.

சிமெண்ட், கம்பி, ஓடு ஆகியவற்றின் தரம், முடிக்கும் நாள், பொருள் வாங்கும் பொறுப்பு, கூடுதல் வேலைக்கான கூலி ஆகிய அனைத்தும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதையும் எழுதலாம். வீட்டுக்கடன் தரும் வங்கிகள் பணி வளர்ந்த அளவுக்கே தொகையை விடுவிக்கின்றன. குடும்பத்தாரும் அவ்வாறே செய்யலாம். இறுதித் தவணையில் ஒரு பகுதியை முதல் மழை கழியும்வரை நிறுத்திவைப்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். வீடு கட்டும் பணி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே கருதப்படுகிறது. வழக்கு என்று வந்தால், கையெழுத்திட்ட தாளும் ரசீதுகளுமே துணை நிற்கும்.

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என்றோர் அதிகாரமே உண்டு. ஆராய்ந்த பின்னரே நம்ப வேண்டும். நம்பிய பின் ஐயுறலாகாது என்பது அதன் கருத்து. எனவே தேர்ந்தெடுத்தபின் நாள்தோறும் கொத்தனாரிடம் குறை கூறி நிற்பதும், பேசிய தவணையை இழுத்தடிப்பதும் அறமாகா. சனிக்கிழமைக் கூலியை நம்பிச் சித்தாள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எழுதிய தாள் இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது.